கரண்ட் வைக்கிற மெஷின்

பிப்ரவரி 3, 2025, திங்கள்

ஆறு வாரம் மூடிக் கிடந்த லினாக்கை, எலக்ட்ரான்களை நேர்கோட்டில் முடுக்கும் எந்திரத்தை, இன்று மறுபடி ஓட்டத் தொடங்கினோம். வெளியே மைனஸ் நான்கு டிகிரி. உள்ளே பீம், அதாவது எலக்ட்ரான் கற்றை, வரவில்லை என்பது அதைவிடக் குளிர்.

வடக்கு ஐரோப்பாவில் ஒரு மூலையில் இருக்கும் சின்ன எந்திரம் இது. எலக்ட்ரான்களைக் கிளப்பி, ஒரு கற்றையாகச் சேர்த்து, ஏறக்குறைய 150 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வரை முடுக்கி, கடைசியில் அந்தக் கற்றையிடமிருந்தே லேசர் ஒளியைக் கறக்கப் பார்ப்பது எங்கள் பிழைப்பு.

எல்லாமே ஒரு செம்புத் தகட்டில் தொடங்குகிறது. டைட்டானியம்-சஃபையர் லேசரின் 800 நானோமீட்டர் ஒளியைப் படிகங்களில் செலுத்தி மூன்றில் ஒரு பங்கு அலைநீளத்துக்கு, அதாவது 266-க்கு, மாற்றி அந்தத் தகட்டின் மேல் விடுகிறோம். அந்தப் புறஊதா ஒளி பட்டதும் எலக்ட்ரான்கள் தெறிக்கின்றன. ஐன்ஸ்டீன் 1905-இல் விளக்கிய அதே ஒளிமின் விளைவு. ஆனால் செம்பு மகா கஞ்சன். ஒரு லட்சம் ஃபோட்டான் விழுந்தால் ஓரிரண்டு எலக்ட்ரானைத்தான் விடும். எங்களுக்கு ஒரு துடிப்புக்கு 250 பிகோ கூலம் வேண்டும், கிட்டத்தட்ட 156 கோடி எலக்ட்ரான்.

இன்று அதில் பாதிதான் வந்தது. எவ்வளவு நல்ல வெற்றிடத்திலும் செம்பின் மேல் ஏதாவது படிந்துவிடும். ஆத்தா இருந்திருந்தால் புளி போட்டுத் தேய் என்று சொல்லியிருக்கும். இங்கே விரல் ரேகை பட்டாலே கதை முடிந்தது.

பிப்ரவரி 5, புதன்

இரண்டு நாள் வீண். தகட்டின் மேல் விழும் லேசர்ப் புள்ளி இருபது நிமிடத்துக்கு ஒரு முறை மெல்ல நகர்ந்து, பிறகு திரும்பி வந்தது. கண்ணாடி தாங்கிகளைச் சந்தேகப்பட்டேன். மேசையைச் சந்தேகப்பட்டேன். நேற்று மாலை லேசரையே மாற்ற வேண்டும் என்று கூட்டத்தில் பேசும் அளவுக்குப் போய்விட்டேன்.

இன்று காலை லேசர் அறையைச் சுத்தம் செய்ய வந்தவர் கேட்டார், இந்த அட்டைப் பெட்டி யாருடையது என்று. ஏசி காற்றை உள்ளே இழுக்கும் சல்லடையை மறைத்துக்கொண்டு நின்றது. அறை கொஞ்சம் சூடாவதும் ஏசி திணறி ஓய்வதும் இருபது நிமிடச் சுற்று.

பெட்டி என்னுடையது. பதிவேட்டில் ‘காற்றோட்டம் சரி செய்யப்பட்டது’ என்று மட்டும் எழுதினேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கோபியிலிருந்து பெரியம்மா கூப்பிட்டது. “நாளையில இருந்து கரண்ட் வெக்கறாங்களாம் சாமி. இருவத்தஞ்சு நாளு.”

மார்பில் அறுவை முடிந்து ஆறிவிட்டது. இனி கதிர்வீச்சு. எங்கள் பக்கம் அதை யாரும் கதிர்வீச்சு என்று சொல்வதில்லை, கரண்ட் வைப்பது என்றுதான் சொல்வார்கள். கல்லூரியில் படிக்கும்போது இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். இன்று போனை வைத்த பிறகு யோசித்தால் அதில் என்ன தப்பு என்று தோன்றுகிறது. வெற்றிடத்துக்குள் எலக்ட்ரான் ஓடினால் அது கரண்ட் தானே? அந்த எந்திரமும் லினாக்தான். ஒரு முனையில் எலக்ட்ரான் துப்பாக்கி, நடுவே அறை அறையாகக் கடைந்த செம்புக் குழாய், அதற்குள் ஏறக்குறைய 3 கிகா ஹெர்ட்ஸ் நுண்அலை, மறுமுனையில் டங்ஸ்டன். வேகமாக வரும் எலக்ட்ரான் டங்ஸ்டனில் மோதி நிற்கும்போது எக்ஸ் கதிர் கிளம்புகிறது. நான் வேலை செய்யும் குழாயும் செம்பு, அதே 3 கிகா ஹெர்ட்ஸ். எனக்கு டங்ஸ்டன் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டும் உறவுக்காரர்கள் என்பது வெறும் பேச்சு இல்லை. வேரியன் சகோதரர்கள் 1937-இல், இந்த நுண்அலையைப் பெருக்கித் தரும் கிளைஸ்ட்ரானைச் செய்தது ஸ்டான்ஃபோர்டில். 1947-இல் இயற்பியலாளர் ஹான்சன் அங்கே 12 அடி நீளக் குழாயில் எலக்ட்ரான்களை 6 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு ஏற்றினார். 1956-இல் மருத்துவர் ஹென்றி கப்ளான், ஸ்டான்ஃபோர்டின் இயற்பியலாளர் கின்ஸ்டனின் குழு கட்டிக்கொடுத்த எந்திரத்தை வைத்து, கண்ணில் கட்டி வந்த இரண்டு வயதுக் குழந்தைக்குச் சிகிச்சை தந்தார். பார்வை தப்பியது. அதற்கு மூன்று வருடம் முன்பு, அதே ஸ்டான்ஃபோர்டில், காந்தங்களை மாற்றி மாற்றி அடுக்கி எலக்ட்ரானை நெளிய வைத்து ஒளி எடுத்தவர் ஹான்ஸ் மோட்ஸ். என் சம்பளம் வருவது அந்த நெளிவிலிருந்து.

இதையெல்லாம் பெரியம்மாவிடம் சொல்லவில்லை. “பயப்படாத, நம்ம மெஷினுதான்” என்றேன். “உன்ற மெஷினா?” என்று கேட்டது. ஆமாம் என்றுவிட்டேன்.

பிப்ரவரி 12, புதன், இரவு ஷிஃப்ட்

இரண்டு மணிக்கு 250 பிகோ கூலம் வந்தது.

எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளும். நின்ற இடத்தில் விட்டால் பொரி மாதிரி சிதறிவிடும். அதனால் துப்பாக்கிக்குள்ளேயே, ஒரு சாண் தூரத்துக்குள், ஒளிவேகத்தில் 99.5 சதவீதத்தைத் தாண்ட வைத்துவிடுகிறோம். அந்த வேகத்தில் பக்கத்தில் ஓடும் எலக்ட்ரானின் காந்தப் புலம் மின் விலக்கத்தைப் பெரும்பாலும் சமன் செய்துவிடும். ஓட ஓடத்தான் சண்டை குறைகிறது.

பிப்ரவரி 15, சனி

ஐந்து நாள் முடிந்தது பெரியம்மாவுக்கு. உடம்பில் பேனாவால் கோடு போட்டிருக்கிறார்களாம், குளிக்கும்போது அழியாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்களாம். “அந்த ரூம்புல செவுத்துல இருந்து செவப்பா கோடு கோடா லைட்டு வருது சாமி. அது மேல பட்டப்ப ஒண்ணுமே தெரியல. கரண்ட்டுன்னா சுடும்னு நெனச்சேன்.”

அது கரண்ட் இல்லை பெரியம்மா, லேசர். உன்னைச் சரியான இடத்தில் படுக்க வைக்கிற அளவுகோல். கரண்ட் கண்ணுக்குத் தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. “அப்ப வெச்சாங்களா இல்லயான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?”

பிப்ரவரி 19, புதன்

வைத்தார்களா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெரியம்மா நாலாயிரம் ரூபாய்க் கேள்வியைக் கேட்டுவிட்டது. அந்தக் கேள்வியில்தான் இன்று முழுக்கச் சிக்கிக்கொண்டிருக்கிறேன்.

கற்றையைப் பார்க்க அதன் வழியில் ஒரு மெல்லிய உலோகத் தகட்டை இறக்குவோம். எலக்ட்ரான் அதைக் கடக்கும்போது துளி வெளிச்சம் வரும், கேமரா பிடிக்கும். இன்று கற்றையை நீளவாக்கில் இறுக்கிய பிறகு தகட்டை இறக்கினால் திரை பளீர் என்றது. நடுவில் குழி விழுந்த வளையம். அடுத்த துடிப்பில் இரண்டு இதழ். அதற்கடுத்து வேறு என்னவோ. ஷிஃப்டில் இருந்த மாணவர் கைதட்டப் போனார், நிறுத்தினேன்.

அந்த வெளிச்சம் கற்றையின் படம் இல்லை. வழக்கமாக ஒவ்வொரு எலக்ட்ரானும் தன் பாட்டுக்கு மினுக்கும், நூறு பேர் என்றால் நூறு மடங்கு. ஒளியின் அலைநீளத்தைவிடச் சின்ன இடைவெளியில் அவை கொத்துக் கொத்தாகச் சேர்ந்துவிட்டால் ஒரே தாளத்தில் மினுக்கும், நூறு பேர் பத்தாயிரம் மடங்கு. ஒரு சின்னக் கூட்டம் தாளம் சேர்ந்தாலே மற்ற அத்தனை எலக்ட்ரானும் தரும் உண்மையான படம் அதில் மூழ்கிப்போகும்.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டின் முடுக்கி ஆய்வகமான எஸ்எல்ஏசி-யின் எக்ஸ் கதிர் லேசரை முதன்முதலில் ஓட்டிப் பார்த்தபோது, 2007-இல், இதே தலைவலி வந்தது. தகடுகளை நம்ப முடியாமல் கம்பிக்கு மாறினார்கள். தலைமுடியைவிட மெல்லிய கம்பியைக் கற்றையின் குறுக்கே நகர்த்தி, தெறிக்கும் துகள்களை எண்ணுவது. ஒரு அளவுக்கு நூறு துடிப்பாவது ஆகும். மெதுவானதுதான், ஆனால் கம்பிக்குத் தாளம் தெரியாது, பொய்யும் தெரியாது.

கொத்து ஏன் சேர்கிறது? கற்றை மிக நன்றாக இருப்பதால். தேர்க் கூட்டம் சந்து திரும்பும் இடத்தில் ஒருவர் தயங்கினால் பின்னால் அலை அலையாக நெரிசல் ஓடுமே, அந்த மாதிரி. இறுக்கும் காந்தங்களில் திரும்பும்போது சின்ன மேடு பள்ளம் பெரிசாகிவிடுகிறது. எலக்ட்ரான்களின் ஆற்றலில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்திருந்தால் அதுவே கலைந்திருக்கும்.

பிப்ரவரி 20, வியாழன்

கிளைஸ்ட்ரான் பதினோரு முறை விழுந்தது, அதாவது தானாக நின்றுபோனது. வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 26, புதன்

வைத்தியம் வேடிக்கையானது. ‘லேசர் ஹீட்டர்’. கற்றையை வேண்டுமென்றே லேசாகக் கெடுப்பது. எலக்ட்ரான்களைப் பிறப்பித்த அதே லேசரில் மிச்சமிருக்கும் 800 நானோமீட்டர் ஒளியை எடுத்து, நான்கு காந்த வளைவுக்கு நடுவே ஒரு குட்டி அண்டுலேட்டரில் (மோட்ஸ் அடுக்கியது போன்ற, கற்றையை நெளிய வைக்கும் காந்த வரிசை) கற்றையோடு சேர்த்து ஓட விட வேண்டும். எஸ்எல்ஏசி-யில் 135 மெகா எலக்ட்ரான் வோல்ட் கற்றையின் ஆற்றல் சிதறலை ஏறக்குறைய 20 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை கூட்டினார்கள். ஏழாயிரத்தில் ஒரு பங்கு. அதுவே போதும்.

கஷ்டம், இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சந்திக்க வைப்பது. எங்கள் கற்றை சில பிகோ செகண்டு நீளம். ஒரு பிகோ செகண்டில் ஒளி 0.3 மில்லிமீட்டர் போகும். இரண்டு கண்ணாடி வைத்த தட்டை கால் மில்லிமீட்டராக நகர்த்திக்கொண்டே போனேன். நகர்த்து, காத்திரு, திரையைப் பார். திரையில் கற்றை ஒரு மெல்லிய கிடைக்கோடு. அதன் தடிமன்தான் ஆற்றல் சிதறல். மூன்றரை மணி நேரம் கோடு கோடாகவே இருந்தது. நான்காவது காபிக்கு எழுந்தபோது கோட்டின் நடுப்பகுதி மட்டும், இரை விழுங்கிய சாரைப்பாம்பு மாதிரி, உப்பியது. தட்டை ஒரு படி பின்னால் நகர்த்தினேன், மெலிந்தது. முன்னால் நகர்த்தினேன், உப்பியது.

மார்ச் 2, ஞாயிறு

பெரியம்மாவுக்கு நேற்று முன்தினத்தோடு பதினைந்து முடிந்திருக்க வேண்டும். பதினாலுதான். வியாழக்கிழமை மெஷின் ரிப்பேர் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கோவைக்கு இரண்டு பஸ் மாறிப் போய், நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்து, இரண்டு பஸ் மாறித் திரும்பி வந்திருக்கிறது. என்ன ரிப்பேர் என்று யாரும் சொல்லவில்லை.

எங்களுக்குக் கிளைஸ்ட்ரான் விழுந்தால் அது ஒரு காபி.

மார்ச் 7, வெள்ளி

ஹீட்டரைப் போட்டுக் கற்றையை இறுக்கினோம். திரை மங்கலாக, ஒரு சாதாரண முட்டை வடிவப் புள்ளியாக நின்றது. இதழ் இல்லை, வளையம் இல்லை. கம்பி சொன்ன அகலமும் திரை சொன்ன அகலமும் நூற்றுக்கு ஐந்து வித்தியாசத்தில் ஒத்துப்போயின. இவ்வளவு சப்பென்ற படத்துக்காக ஒரு கூட்டமே இருக்கையை விட்டு எழுந்து நின்றது.

பிறகு பெரிய அண்டுலேட்டருக்குள் விட்டோம். மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு காந்த நெளிவு. ஆனால் வேகத்தில் ஓடும் எலக்ட்ரானுக்கு அந்த மூன்று சென்டிமீட்டர் சுருங்கிப்போய், எங்கள் ஆற்றலில் 500 நானோமீட்டர் சொச்சத்தில் ஒளியாக வெளிவரும். எஸ்எல்ஏசி-யில் 13.6 கிகா எலக்ட்ரான் வோல்ட்டில் அதே மூன்று சென்டிமீட்டர் நெளிவு, ஒரு அணுவின் அகலமான 1.5 ஆங்ஸ்ட்ராம் எக்ஸ் கதிர் ஆனது, 2009 ஏப்ரலில். அண்டுலேட்டருக்குள் எலக்ட்ரான்கள் கொத்துக் கொத்தாகச் சேர வேண்டும். போன வாரம் எது கூடாது என்று மல்லுக்கட்டினோமோ அதேதான். சேரும் இடமும் இடைவெளியும் நாம் சொல்வதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஐந்து மணி வாக்கில் கேமராவில் பச்சையாக ஒரு புள்ளி. ஹீட்டரை அணைத்துப் பார்த்தோம், புள்ளி பாதிக்கு மேல் செத்தது. போட்டோம், வந்தது.

மார்ச் 17, திங்கள்

“முடிஞ்சுது சாமி. கோடு தானா அழியட்டும், தேய்க்க வேண்டாம்னாங்க.” கரண்ட் வைத்த இடம் வெயில் பட்டது போலக் கறுத்திருக்கிறதாம். அதைச் சொல்லும்போது பெரியம்மா குரலில் ஒரு திருப்தி இருந்தது. வைத்திருக்கிறார்கள் என்று இப்போதுதான் அதற்கு நம்பிக்கை வந்தது போல.

எனக்குப் பத்து மணிக்கு ஷிஃப்ட். செம்பு மறுபடி பத்து சதவீதம் குறைவாகக் கொடுக்கிறது.