ஒட்டு நகம் உதிராமல் இருக்க நான் செய்வது

பிரஸ்-ஆன் நகம், அதாவது சொந்த நகத்தின்மேல் ஒட்டிக்கொள்கிற பிளாஸ்டிக் நகம், ஒட்டினால் எனக்கு முதலில் கழன்று விழுந்தது எப்போதும் கட்டைவிரல் நகம்தான். அதே பசை, அதே கை, ஒரே நேரத்தில் ஒட்டியது. மற்ற விரல்களில் நிற்கும், கட்டைவிரலில் மட்டும் நிற்காது. பசையை மாற்றிப் பார்த்தேன். இன்னொரு சொட்டு கூட்டி விட்டும் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை. விழுந்த நகத்தைத் திருப்பிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. நடுவில் பசை தடிமனாக உறைந்து, அதற்குள் குமிழ் குமிழாக ஓட்டைகள். ஓரங்களில் மட்டும் மெல்லிசாக, சரியாக ஒட்டியிருந்த தடம்.

கட்டைவிரல் நகம் பெரும்பாலும் அகலமாகவும் கொஞ்சம் தட்டையாகவும் இருக்கும். பெட்டியில் வருகிற நகத்துக்கோ வளைவு அதிகம். ஓரங்கள் தொடும், நடுவில் இடைவெளி நிற்கும். அழுத்தி ஒட்டினால் அந்த நேரத்துக்கு உட்காரும். ஆனால் பிளாஸ்டிக் தன் பழைய வளைவுக்குத் திரும்பத்தான் பார்க்கும். பசை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ராத்திரி பகலாக அந்த இழுப்பைத் தாங்க வேண்டியிருக்கிறது. அதனால் இப்போது நான் அதிக நேரம் செலவழிப்பது ஒட்டுவதில் இல்லை, அதற்கு முன்னால் அளவும் வளைவும் பார்ப்பதில்தான்.

அளவு பார்க்கும்போது நகத்தை விரல்மேல் வைத்து மேலிருந்து மட்டும் பார்த்தால் போதாது. விரல்நுனியைக் கண்ணுக்கு நேராகத் திருப்பி, இரண்டு நகங்களுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று முன்பக்கமாகப் பார்க்க வேண்டும். தெரிந்தால் வளைவு பொருந்தவில்லை. அப்போது அந்த நகத்தை இடுக்கியால் பிடித்து, நல்ல சூடான தண்ணீரில் கொஞ்ச நேரம் முக்கி வைக்கிறேன். பிளாஸ்டிக் இளகியதும் எடுத்து, விரல்களுக்கு நடுவே வைத்து லேசாக விரித்துப் பிடித்து, அப்படியே குளிர்ந்த தண்ணீரில் காட்டினால் புது வளைவு நின்றுவிடும். ஒரே தடவையில் சரியாக வராவிட்டால் மறுபடி முக்கலாம். அப்புறம் ஈரம் துளியும் இல்லாமல் துடைத்துக் காயவைத்த பிறகுதான் பசை.

அகலத்தைப் பொறுத்தவரை, நகத்தின் ஒரு பக்க ஓரத்திலிருந்து மறுபக்க ஓரம் வரை மூட வேண்டும், தோல்மேல் ஏறக் கூடாது. தோல் அசைந்துகொண்டே இருக்கும், அதில் எண்ணெய்ப்பசையும் ஊறும். அதன்மேல் ஒட்டிய பகுதி முதலில் எழும்பும், மீதியையும் சேர்த்து இழுக்கும். ரொம்பக் குறுகலாக இருந்தால் ஓரத்தில் தலைமுடி மாட்டும். இரண்டு அளவுக்கும் நடுவில் விரல் மாட்டிக்கொண்டால் பெரியதை எடுத்து இரு பக்கமும் ஃபைலால் ராவிக்கொள்வேன். க்யூட்டிகிள் (நகம் தொடங்கும் இடத்தில் இருக்கும் தோல் ஓரம்) பக்கத்து விளிம்பையும் உள்பக்கமாக ராவி மெல்லிசாக்கினால் அங்கே படிக்கட்டு மாதிரி நிற்காது, எதிலும் இடறாது. இடது கை மோதிர விரலுக்கும் வலது கை மோதிர விரலுக்கும் ஒரே அளவாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம், எனக்கு இல்லை. நகத்தின் அடியில் பொறித்திருக்கும் எண்களை ஒரு தடவை போனில் குறித்து வைத்தால், அதே வகைப் பெட்டி அடுத்து வாங்கும்போது வேலை பாதியாகிவிடும்.

சொந்த நகத்தைத் தயார் செய்வது சின்ன வேலைதான், ஆனால் வரிசை முக்கியம். க்யூட்டிகிளை இளக்கத் தண்ணீரில் ஊறவைப்பதாக இருந்தால் அதை முந்தின நாளே முடித்துவிடுவேன். நகம் தண்ணீரை உறிஞ்சி லேசாக உப்பும், காயும்போது சுருங்கும். குளித்த கையோடு ஒட்டினால், நகம் சுருங்கும்போது பசைப்பிடி விட ஆரம்பிக்கும். ஒட்டுவதற்கு முன், நகத்தின் மேல் ஒட்டிக்கிடக்கும் மெல்லிய தோலைக் குச்சியால் சுரண்டி, பளபளப்பு போகும் அளவுக்கு மட்டும் பஃபரால் (நகம் தேய்க்கும் மென்மையான கட்டை) தேய்க்கிறேன். அதற்கு மேல் தேய்த்தால் நகம்தான் மெலியும். பிளாஸ்டிக் நகத்தின் உள்பக்கத்தையும் ஃபைலால் கொஞ்சம் சொரசொரப்பாக்குவேன். கடைசியாக என் நகத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலாலோ வெறும் அசிட்டோனாலோ துடைப்பேன். வைட்டமின், எண்ணெய் என்று சேர்த்து விற்கும் நெயில் பாலிஷ் ரிமூவர் இதற்கு ஆகாது, நகத்தின்மேல் ஒரு படலத்தை விட்டுவிட்டுப் போகும். சானிடைசரும் அப்படித்தான், பலவற்றில் கிளிசரின் இருக்கிறது. துடைத்த நகத்தை அப்புறம் விரலால் தொடாமல் இருப்பதுதான் கஷ்டம்.

இனி பசை. நெயில் குளூ என்பது சயனோஅக்ரிலேட் வகை. காற்றிலும் நகத்தின் மேற்பரப்பிலும் இருக்கும் துளி ஈரமே அதை இறுக வைத்துவிடும். மெல்லிய படலமாக இருந்தால் சில நொடிகளில் பிடிக்கும். தடிமனாக விட்டால் வெளிப்பக்கம் இறுகி நடுப்பகுதி வெகுநேரம் ஈரமாகவே கிடக்கும். ‘நிறைய விட்டால் நிறைய நிற்கும்’ என்ற கணக்கு இங்கே எடுபடாததற்கு இதுதான் காரணம். என் நகத்தில் மெல்லிசாக ஒரு பூச்சு, ஒட்டு நகத்தின் உள்பக்கம் க்யூட்டிகிள் பக்கமாக ஒரு சின்னச் சொட்டு, அவ்வளவுதான். நகத்தைச் சாய்வாகப் பிடித்து, க்யூட்டிகிள் ஓரத்தில் முதலில் பதித்து, அங்கிருந்து நுனி நோக்கி மெல்லச் சாய்த்து இறக்கினால் காற்று முன்பக்கமாக வெளியேறிவிடும். குமிழ் நின்றால் அங்கே தண்ணீர் புகும். அரை நிமிடமாவது அழுத்திப் பிடிக்கிறேன், நடுவில் மட்டுமல்ல, இரண்டு ஓரங்களிலும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சிந்திய பசையைப் பஞ்சால் துடைக்காதீர்கள். இந்தப் பசை பஞ்சிலோ பருத்தித் துணியிலோ பட்டால் சட்டென்று சூடேறும், தோலைச் சுட்டுவிடும் அளவுக்கு. பசைக் குப்பியும் கண் மருந்துக் குப்பி மாதிரியே இருப்பதால் மருந்துகளோடு வைக்கவே கூடாது. ஒட்டிய பிறகு விரல் அரித்தாலோ, சிவந்தாலோ, எரிந்தாலோ பொறுத்துக்கொண்டு இருக்காமல் நகத்தை எடுத்துவிட வேண்டும்.

வலது கைக்காரர்கள் வலது கையை முதலில் முடிப்பது நல்லது. பழக்கமில்லாத இடது கை வேலை செய்யும்போது அதன் விரல்களாவது வெறுமையாக இருக்கட்டும். கட்டைவிரல்கள் இரண்டும் கடைசியில். எல்லாவற்றையும் தூங்கப் போவதற்கு முன் செய்தால், அப்புறம் பாத்திரம், குளியல் என்று எதுவும் குறுக்கே வராது.

ஸ்டிக்கர் போல வரும் ஜெல் டேப் வேறு கதை. ஒரு நாள் விழாவுக்கு அது போதும், கழற்றுவதும் சுலபம். சூடான தண்ணீர் பட்டால் இளகிவிடும். ஒரு வாரம் வேண்டுமென்றால் எனக்குப் பசைதான்.

ஒட்டியபின் அதிகம் உதவியது நீளத்தைக் குறைத்ததுதான். நகம் நீண்டிருந்தால் நுனியில் படும் சின்ன இடிகூட நெம்புகோலாகி அடியைக் கிளப்பும். விரல்நுனியைத் தாண்டிக் கொஞ்சமே நீட்டிக்கொண்டிருக்கும் அளவு எனக்குப் போதும். டப்பா மூடியையோ ஸ்டிக்கரையோ நகத்தால் கிளப்பாமல் கரண்டிக்காம்பை எடுத்துக்கொள்கிறேன். பாத்திரம் தேய்க்கும்போது கையுறை. க்யூட்டிகிளுக்கு எண்ணெய் வைக்கலாம், ஆனால் ஒட்டிய அன்று வேண்டாம்.

ஒரு ஓரம் எழும்பினால் அந்த இடுக்கில் பசையை ஊற்றி மூடிவிடத் தோன்றும். உள்ளே ஏற்கெனவே தண்ணீர் போயிருக்கும். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வளர்ந்து நகம் பச்சையாக மாறலாம். முழுவதும் கழற்றி, துடைத்து, காயவிட்டு மறுபடி ஒட்டுவது பத்து நிமிட வேலைதான். பச்சை நிறம் தெரிந்துவிட்டால் மேலே எதையும் ஒட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கழற்றுவதற்கு, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கொஞ்சம் எண்ணெய் விட்டு 15 முதல் 20 நிமிடம் கையை ஊறவைக்கிறேன். அப்புறம் மரக்குச்சியைப் பக்கவாட்டில் நுழைத்து மெதுவாகக் கிளப்பினால் வந்துவிடும். வரவில்லையென்றால் இன்னும் ஊற வேண்டும் என்று அர்த்தம். நுனியைப் பிடித்துப் பிய்த்தால் சொந்த நகத்தின் மேலடுக்கும் உரிந்து வரும், அடுத்த முறை ஒட்டுவதற்குச் சமதளமே இருக்காது. அசிட்டோன் வேகமானது, ஆனால் அது ஒட்டு நகத்தையே கரைத்துவிடும். திரும்பப் பயன்படுத்த முடியாது.

கழற்றிய நகத்தின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் பழைய பசையை ஃபைலால் ராவி எடுத்துவிட்டுத்தான் பெட்டியில் போடுவேன். அதை அப்படியே விட்டால் மேடு பள்ளத்தின்மேல் புதுப் பசை உட்காராது. வளைவை மாற்றிய கட்டைவிரல் நகங்கள் இரண்டையும் தனியாக, உள்ளே எந்தக் கை என்று எழுதி வைக்கிறேன். பசைக் குப்பியின் மூடியை இறுக்கி நிமிர்த்தி வைக்க வேண்டும். சொட்டு தேன் போலக் கெட்டியாக இறங்க ஆரம்பித்தால் அந்தக் குப்பியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கிவிடுகிறேன்.