புகையும் மூட்டையும்

செப்டம்பர் 12
1836இல் லிவர்பூல் கிடங்கில் சீந்துவாரின்றிக் கிடந்த அல்பாக்கா (தென் அமெரிக்க ஒட்டக இன விலங்கின் மயிர்) மூட்டைகள்தான் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு ஊர் ஆலை முதலாளி டைட்டஸ் சால்ட்டைத் தூக்கிவிட்டன. நீளமாக, பளபளவென்று வழுக்கும் மயிர். துணியின் பாவில் (நீளவாட்டு நூலில்) பருத்தி, ஊடையில் (குறுக்கு நூலில்) அல்பாக்கா. இழுவையைப் பருத்தி தாங்கும், மினுமினுப்பை மயிர் தரும். ஆனால் இரண்டும் ஒரே சாயத்தை ஒரே மாதிரி குடிக்காது.

செப்டம்பர் 14
சால்ட் பிராட்ஃபோர்டுக்கு மேயரானது 1848 நவம்பர். ஊரில் 200க்கு மேல் புகைபோக்கிகள். எரியும் கரிமேல் புதுக்கரியை மொத்தமாகக் கொட்டினால் அடுப்பு குளிரும். கிளம்பும் வாயு பற்றாமலே மேலே போகும். அந்தக் கறுப்பு அதுதான். கொஞ்சங்கொஞ்சமாகப் பரப்பிப் போட்டு, மேலே காற்று விட்டால் அடங்கும். ஆனால் நீராவி குறைந்தால் தறி நிற்கும், தறி நின்றால் ஏச்சு. பாய்லர்காரர் வாரிப் போடாமல் என்ன செய்வார்? சால்ட் தன் ஆலைகளில் புகையைக் குறைக்கும் ரோடா எரிப்பானை வைத்தார். மற்ற முதலாளிகளிடம் சொல்லிப் பார்த்தார். மேயர் சொல்லியும் அவர்கள் மசியவில்லை.

செப்டம்பர் 16
1849. காலரா. 420 சாவு. அந்த வருஷமும் அவர்தான் மேயர்.

செப்டம்பர் 20
இன்று அவர் பிறந்தநாள். 1853இல் இதே நாளில், 50 வயதில், பிராட்ஃபோர்டுக்கு வெளியே சால்டேரில் தன் புது ஆலையைத் திறந்தார். ஊரைத் திருத்த முடியாதவர் ஊரையே புதிதாகக் கட்டிக்கொண்டார் என்றுதான் எனக்குப் படுகிறது. பக்கத்திலேயே ஏர் ஆறு, கால்வாய், ரயில். 545 அடி நீளக் கட்டடம், 1,200 தறி. தறிகளை ஓட்டும் சுழல்தண்டுகளைத் தரைக்கடியில் போட்டதுதான் கெட்டிக்காரத்தனம்: தலைக்குமேல் பட்டை அறுந்து விழாது, இரைச்சலும் குறையும்.

செப்டம்பர் 21
மறுபடி புகை. சால்டேர் புகைபோக்கி 250 அடி. உயரம் புகையை எரிக்காது, அடுத்த ஊருக்குத் தள்ளும்.

செப்டம்பர் 22
தெருவில் கொடி கட்டித் துணி காயப்போடுவது அவருக்குப் பிடிக்காது. இயந்திரத் தொட்டியும் சூடான காற்றில் உலர்த்தும் அறையுமாக ஒரு சலவைக்கூடம் கட்டிக் கொடுத்தார். ஜனங்கள் அவ்வளவாகப் போகவில்லை. அழுக்குத்துணியை ஊர்பார்க்கத் தூக்கிக்கொண்டு போக யாருக்கு மனசு வரும்?

செப்டம்பர் 24
அந்த மூட்டைகள். மயிர் பிரிப்பவர் கட்டை அவிழ்த்து, விரலால் தடவித் தரம் பார்ப்பார். தூசி நேராக மூக்குக்குள். காய்ச்சல், மூச்சுத்திணறல், சில நாளில் ஆளே போய்விடுவார். 1876 டிசம்பரில் சால்ட் இறந்தபோதுகூட, மயிர் பிரிப்பவர்களின் இந்த நோய் ஆந்த்ராக்ஸ் (விலங்குகளிடமிருந்து தொற்றும் கிருமி நோய்) என்று பிராட்ஃபோர்டில் யாரும் காட்டியிருக்கவில்லை. மூட்டையைப் பிரிக்குமுன் தண்ணீரில் ஊறவைத்து, தூசியை மேசைக்குக் கீழே இழுக்கும் விசிறி வைப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.