தொள்ளாயிரத்து எண்பத்தைந்து தூண்கள்

மதுரை டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய ஒரு மாடியில் சாயங்காலம் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். பாதிப் பேர் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுத்த பிளஸ் டூ பிள்ளைகள். மீதி, கோயிலைச் சுற்றிக் காட்டும் கைடுகள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை.

முதல் வாரமே வயதில் வழுக்குவார்கள். 'எனக்கு இருபது வயது' என்பதை 'ஜ சுயி', அதாவது 'ஐ ஆம்' என்றுதான் தொடங்குவார்கள். இங்கிலீஷ் வழியாகச் சுற்றி வருவதன் வினை. எனக்கு இருபது வயது, எனக்குப் பசி, எனக்கு ரெண்டு அண்ணன் என்று தமிழில் எல்லாமே 'எனக்கு'தானே? பிரெஞ்சிலும் மூன்றுக்கும் ஒரே 'ஜே'தான், அதாவது 'என்னிடம் இருக்கிறது'. 'பத்து வருஷமாக மதுரையில் இருக்கிறேன்' என்பதும் அப்படித்தான். நாம் நிகழ்காலத்தில் சொல்கிறோம். 'இத்தனை காலமாக' என்பதற்கு 'தப்புயி' போட்டு அவர்களும் நிகழ்காலத்திலேயே சொல்கிறார்கள். இதைப் புரியவைக்க எனக்கு நாலைந்து வருஷம் ஆனது; அதுவரை நானும் இங்கிலீஷில்தான் விளக்கிக்கொண்டிருந்தேன்.

மேசை ஏன் பெண், புத்தகம் ஏன் ஆண் என்ற கேள்விக்குத் தமிழ் கைகொடுக்காது. அங்கே அஃறிணைக்கு இடமே இல்லை. சொல்லோடு ஆணுக்கு 'ல', பெண்ணுக்கு 'லா' என்பதையும் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள் என்பேன். எனக்கே சில சொற்களுக்கு இன்னும் அகராதி வேண்டியிருக்கிறது.

எண்கள்தான் பெரிய வம்பு. போன மாதம் ஒரு கைடு அண்ணன் சண்டைக்கே வந்துவிட்டார். ஆயிரங்கால் மண்டபத்தில் உள்ளபடி 985 தூண்கள். அதை வெள்ளைக்காரர்களிடம் தினமும் சொல்ல வேண்டியவர் அவர். 'நஃப் சான் காத்ர வான் சாங்க்' என்று போர்டில் எழுதிப் பிரித்துக் காட்டினேன்: ஒன்பது நூறு, நாலு இருபது, ஐந்து.

"என்ன சார், எண்பதுன்னு ஒரு வார்த்தை வைக்கத் தெரியலயா இவய்ங்களுக்கு?"

பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் பேசும் பிரெஞ்சில் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் தனிச்சொல் உண்டு என்றேன். சமாதானமாகவில்லை. அப்புறம் அதன் கீழேயே 'தொள்ளாயிரத்து எண்பத்தைந்து' என்று தமிழில் எழுதி, முதல் சொல்லில் 'ஆயிரம்' என்பதற்கு மட்டும் அடிக்கோடு போட்டேன்.

"அண்ணே, ஒன்பது நூறுக்குள்ள ஆயிரம் எப்படி வந்துச்சு?"

போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பெஞ்சில் பிள்ளைகள் தொண்ணூறுக்குள் இருக்கும் நூறைக் கண்டுபிடித்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"சரி சார், அந்த நாலு இருபதை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார்.