அந்த டாக்டர் என் காலையும் பார்த்தார்

மகள் நடக்கத் தொடங்கிய சில மாதங்களில் முட்டிக்குக் கீழே இரண்டு காலும் வில்லாக வளைந்தன. முதலில் காட்டிய இடத்தில் ரிக்கெட்ஸ் (எலும்பு மென்மையாகி வளையும் நோய்), வெயில் போதவில்லை என்றார்கள். ஆறு லட்சம் யூனிட் வைட்டமின் டி ஊசி போட்டார்கள். சில மாதம் கழித்து இன்னொன்று. கால்சியம் சிரப், காலை வெயில், முட்டை எல்லாம் கொடுத்தோம். வளைவு கூடிக்கொண்டேதான் போனது. "ஒழுங்கா குடுக்கிறீங்களாம்மா?" என்று என் மனைவியிடம் கேட்டதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

விடை முதல் ரத்தப் பரிசோதனையிலேயே இருந்தது. கால்சியம் சரி, அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற எலும்பு நொதி அதிகம், பாஸ்பரஸ் 2.7. பக்கத்தில் அச்சாகியிருந்த அளவு 2.5 முதல் 4.5 வரை என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அது பெரியவர்களுக்கான அளவு. இரண்டு வயதுக் குழந்தைக்கு 4-க்கு மேல் இருக்க வேண்டும். அந்த ஒரு வரியில் எங்களுக்கு ஒன்றரை வருடம் போயிற்று.

நான்காவதாகப் பார்த்த டாக்டரம்மா ரிப்போர்ட்டை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சார், நீங்க கொஞ்சம் அந்தச் சுவர் வரைக்கும் நடந்துட்டு வாங்க."

நடந்தேன். எனக்கும் வளைந்த கால்தான். பன்னிரண்டு வயதில் ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார்கள், மறுபடி வளைந்துவிட்டது. சொத்தையே இல்லாத பல்லில் சீழ் வைத்து இரண்டு பற்களைப் பிடுங்கியிருக்கிறேன். என் அம்மா குள்ளம், அசைந்து அசைந்துதான் நடப்பார். எங்கள் வீட்டு வாகு என்றே நினைத்திருந்தோம். அத்தனையையும் அவர் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு சிறுநீரில் பாஸ்பேட் எவ்வளவு வீணாகிறது என்று பார்த்தார். கடைசியில் மரபணுச் சோதனை ஃபெக்ஸ் மரபணுவில் மாற்றம் என்று உறுதி செய்தது.

நோயின் பெயர் எக்ஸ்எல்ஹெச், ரத்தத்தில் பாஸ்பேட் குறைந்து எலும்பு வலுவிழக்கும் பரம்பரை நோய். எலும்பு எஃப்ஜிஎஃப்23 என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது. அது சொல்லிச் சிறுநீரகம் பாஸ்பேட்டை வெளியே தள்ளிவிடுகிறது. வெறும் வைட்டமின் டி எவ்வளவு போட்டாலும் இந்த ஓட்டை அடையாது. அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் என்னிடமிருந்து மகள்கள் எல்லாருக்கும் போகும், மகன்களுக்குப் போகாது.

இப்போது பார்மசியில் கலந்து தரும் ஜூலீஸ் சொல்யூஷன் என்ற பாஸ்பேட் மருந்து, ஒரு நாளைக்கு ஐந்து வேளை. பாலோடு கொடுத்தால் கால்சியம் அதைப் பிடித்துக்கொள்ளும். கூடவே ஆல்ஃபாகால்சிடால் என்ற வீரியமான வைட்டமின் டி வகை; பாஸ்பேட் மட்டும் கொடுத்தால் பாராதைராய்டு ஹார்மோன் ஏறிவிடும். சிறுநீரகத்தில் கால்சியம் படிகிறதா என்று அவ்வப்போது ஸ்கேன். 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புரோசுமாப் ஊசி அந்த ஹார்மோனையே தடுக்கிறது. அதன் விலை எங்கள் கைக்கு எட்டாது.

இதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதி, டாக்டரம்மாவிடம் திருத்தி வாங்கிப் பையிலேயே வைத்திருக்கிறேன். குழந்தை டாக்டருக்கு ஒன்று, பல் டாக்டருக்கு ஒன்று. எலும்பு டாக்டருக்குக் கொடுப்பதில் மட்டும் ஒரு வரிக்கு அடிக்கோடு: மருந்தில் நிலை சீரான பிறகே ஆபரேஷன் பற்றி யோசியுங்கள். பல் டாக்டர் அதைப் படித்துவிட்டு, வெளியே பளிச்சென்று இருந்த பல்லையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். வேரடியில் சீழ் தொடங்கியிருந்தது.

லேப் தாளில் இப்போதும் பெரியவர்களுக்கான அளவுதான் அச்சாகி வருகிறது. குழந்தைக்கான அளவைப் பேனாவால் பக்கத்தில் எழுதிவிட்டுத்தான் ஃபைலில் வைக்கிறேன்.