பூனைக்கண், செங்கண், புகைக்கண்

திருகோணமலைக்கு எத்தனையோ தரம் போயிருக்கிறேன். கோணேசரைக் கும்பிடுவது, நிலாவெளியில் குளிப்பது, இரவு பஸ்ஸைப் பிடிப்பது, அவ்வளவுதான். இந்த முறை ஓட்டோவே பிடிப்பதில்லை என்று முடிவெடுத்து, காலை ஆறரைக்கு ஒரு பிளேன் டீயோடு டச் பே கரையிலிருந்து கோட்டைப் பக்கம் நடந்தேன்.

கோட்டை வாசலைக் கடக்காமல் கோயிலுக்குப் போக முடியாது. ஆனால் அங்கே நின்று பார்ப்பவர்கள் குறைவு. வாசற்கல் ஒன்றில் இரண்டு மீன்கள் செதுக்கியிருக்கும், கூடவே தேய்ந்துபோன தமிழெழுத்து. எவ்வளவு உற்றுப் பார்த்தும் எனக்கு 'குள' என்பதுவரைதான் பிடிபட்டது. போர்த்துக்கேயர் 1622இல் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களை வைத்தே 1624இல் கட்டிய கோட்டை இது. குளக்கோட்டன் என்ற அரசனின் திருப்பணியைப் பறங்கி பிரிப்பான், பிறகு பூனைக்கண், செங்கண், புகைக்கண் எல்லாம் வந்து போகும் என்று ஒரு பழம்பாட்டு உண்டு. அதன் துண்டுதான் இந்தக் கல்லில் இருப்பது என்பார்கள்.

அந்த மூன்று கண்ணும் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று அம்மம்மா விரல் மடித்துச் சொல்லுவா. இப்போது கணக்குப் பார்த்தால் ஒரு கண் இடிக்கிறது. 1639இல் கண்டி அரசனோடு சேர்ந்து ஒல்லாந்தர் பிடித்தார்கள், சரி. 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் பிடிக்க, அதே ஆகஸ்டில் சுஃப்ரென் என்ற பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி வந்து பறித்துவிட்டார். 1795இல் மறுபடியும் ஆங்கிலேயர். நடுவில் வந்த பிரெஞ்சுக்காரருக்கு என்ன கண்? கேட்க அம்மம்மா இல்லை.

உள்ளே மான்கள். காட்டு மான் என்ற கூச்சமெல்லாம் கிடையாது. எனக்கு முன்னால் போன அக்காவின் அர்ச்சனைத் தட்டிலிருந்து ஒன்று வாழைப்பழத்தைத் தோலோடு இழுத்துக்கொண்டு போனது. "கோணேசருக்கு முதல் இவருக்கு" என்று அவர் சிரித்துவிட்டு நடந்தார்.

மேலே சுவாமி மலையில் பிரான்சினா வான் ரீடே என்ற ஒல்லாந்துப் பெண்ணின் நினைவுத்தூண், 1687ஆம் ஆண்டு என்கிறார்கள். காதலன் கப்பலேறிப் போகப் பாறையிலிருந்து குதித்தாள் என்று ஒரு கட்சி, அதற்குப் பிறகும் கலியாணம் கட்டி வாழ்ந்தாள் என்று இன்னொரு கட்சி. எனக்குக் கதையைவிடத் தூண்தான் பெரிது. அதுவும் இடித்த கோயிலின் தூண் என்று சொல்கிறார்கள்.

வெயில் ஏறியதும் இறங்கி, ஊருக்குள் இருக்கும் பழைய வெள்ளைக்காரச் சேமக்காலைக்கு வந்தேன். படலை பூட்டியிருந்தது. அரைமணி நேரம் காத்திருந்த பிறகு ஒரு பெரியவர் வந்து திறந்துவிட்டார். நான் தேடி வந்தது கடற்படைத் தளபதி சார்ல்ஸ் ஆஸ்டினை. நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி. 1852இல் பர்மாப் போரின்போது இறந்தவரை இங்கேதான் அடக்கம் செய்தார்கள். கல்லறைக்கு முன்னால் நான் குந்தியிருந்து சருகைத் தட்டிவிட, பெரியவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளைக்கு இவர் என்ன முறை?"

"ஒரு முறையும் இல்லை ஐயா. இவருடைய அக்கா கதை எழுதினவா."

"அக்காவும் இங்கேயா கிடக்கிறா?"

"இல்லை, இங்கிலாந்தில்."

"அப்ப அங்கயெல்லோ போயிருக்கவேணும்" என்றபடி திறப்பை எடுத்துக்கொண்டு படலைப் பக்கம் நடந்தார்.