மைல் ஓடியது, ரிவர்ஸ் வரவில்லை

அமெரிக்காவில் சிடிஎல் (கனரக டிரக் ஓட்டும் உரிமம்) எடுத்தவர்களுக்கு உரிமத் தேர்வு, மருத்துவச் சான்று, போதைப்பொருள் சோதனை எல்லாம் பெரிய தொல்லை தருவதில்லை. தொல்லை ஆரம்பிப்பது கம்பெனி டிரெய்னரின் வண்டியில் பையைத் தூக்கிப் போட்ட பிறகுதான். அந்தச் சில வாரங்களில் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று முன்பே தெரிந்திருந்தால் பாதி எரிச்சல் குறைந்திருக்கும்.

2022 பிப்ரவரி 7 முதல் புதியவர்கள் பதிவு பெற்ற இடத்தில்தான் பாடம், யார்டு, ரோடு மூன்றையும் கற்க வேண்டும். ஆனால் இத்தனை மணி நேரம் ஓட்டியே ஆக வேண்டும் என்று நடுவண் விதியில் கணக்கு எதுவும் இல்லை. பள்ளி தேர்வுக்குத் தேவையானதைச் சொல்லி அனுப்பிவிடுகிறது. மீதி டிரெய்னர் தலையில். டிரெய்னரோ பெரும்பாலும் சக ஓட்டுநர். லோடு நேரத்துக்குப் போய்ச் சேரவேண்டிய கவலை அவருக்கு. அதனால் நடப்பது என்ன? நெடுஞ்சாலையில் நேராக ஓட்டுவது பயிலுநருக்கு, டாக்கில் (சரக்கு ஏற்றி இறக்கும் மேடை) ரிவர்ஸ் போடுவது டிரெய்னருக்கு. ஸ்டீயரிங் பிடித்த மணி நேரம் தாளில் ஏறிக்கொண்டே போகும். தனி வண்டி கிடைத்த முதல் நாள் காலை, குறுகலான டாக் முன்னால் நிற்கும்போதுதான் விஷயம் உறைக்கும்.

ஆகவே முதல் நாளே ஒரு சின்ன நோட்டில் கணக்கு வையுங்கள். மைல் வேண்டாம், டாக்கில் எத்தனை ரிவர்ஸ், எத்தனை முறை ட்ரெய்லர் (பின்னால் இழுக்கும் சரக்குப் பெட்டி) மாட்டிக் கழற்றியது, எத்தனை முறை எடை போட்டுச் சரிசெய்தது. ஒரு வாரம் முடிந்தும் ரிவர்ஸ் எண்ணிக்கை இரண்டில் நின்றால், நோட்டைக் காட்டி அன்றே பேசிவிட வேண்டும். கடைசி வாரத்தில் பேசிப் பயனில்லை.

பழகுநர் பெர்மிட் மட்டும் வைத்திருப்பவர் ஓட்டும்போது உரிமம் உள்ளவர் பொதுவாகப் பக்கத்து இருக்கையில் இருந்தாக வேண்டும். சிடிஎல் வந்ததும் அந்தக் கட்டாயம் போய்விடுகிறது; டிரெய்னர் பின்னால் படுத்துத் தூங்கலாம், சட்டப்படி அது தவறில்லை. பயிற்சி என்று அதை அழைப்பதுதான் தவறு. முதல் இரண்டு வாரமாவது முன்னால் உட்காருங்கள் என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். சம்மதிக்காவிட்டால் டிரெய்னிங் பிரிவுக்கு எழுத்தில் அனுப்பி ஆளை மாற்றக் கேளுங்கள். போனில் சொன்னால் காற்றோடு போகும்.

ரிவர்ஸில் டிரெய்னர் சொல்லித்தர வேண்டியது ஸ்டீயரிங் திருப்புவதை அல்ல, வண்டியை எங்கே நிறுத்தி ஆரம்பிப்பது என்பதை. தொடக்க நிலை சரியென்றால் பாதி வேலை முடிந்தது. தவறென்றால் எத்தனை திருப்பினாலும் ட்ரெய்லர் கோணத்துக்கு வராது. கை குழம்பினால் ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடியுங்கள்: கை போகும் பக்கம் ட்ரெய்லரின் பின்புறம் போகும். புதியவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு, அதிகமாகத் திருப்பிவிட்டு நேராக்கத் தாமதிப்பது. ட்ரெய்லர் மடிய ஆரம்பித்தால் முன்னால் இழுத்துத் திரும்ப வாருங்கள், அதில் வெட்கம் இல்லை. இறங்கிப் போய்ப் பார்ப்பதிலும் இல்லை. பின்புறத்தையே பார்த்துக்கொண்டு, வண்டியின் மூக்கு வீசிப் பக்கத்து டிரக்கின் பானெட்டை உரசுவதுதான் அதிகம் நடக்கிறது. டிரெய்னர் கீழே நின்று கத்திக்கொண்டே இருந்தால் கற்றது ஒட்டாது. நான் எதையாவது இடிக்கப் போனால் மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள் என்று அவரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது சிவப்பு நாபை வெளியே இழுத்து ட்ரெய்லர் பிரேக்கைப் பூட்டி, மெதுவாக முன்னால் இழுத்துப் பார்க்கச் சொல்வார்கள். அது போதாது. ட்ரெய்லர் உயரமாக நின்றிருந்தால் கிங்பின் (ட்ரெய்லரின் அடியில் உள்ள இணைப்பு முளை) ஃபிஃப்த் வீலின் (அதைப் பிடிக்கும் டிரக்கின் தட்டு) மேலேறி முன்பக்கம் உட்கார்ந்துவிடும். இழுத்தால் பிடித்திருப்பது போலவே தோன்றும், முதல் வளைவில் கழன்று விழும். டார்ச் எடுத்துக் கீழே குனிந்து, ஃபிஃப்த் வீலின் பூட்டுத் தாடை கிங்பின்னின் கழுத்தைச் சுற்றி மூடியிருக்கிறதா, ட்ரெய்லரின் அடித்தகட்டுக்கும் ஃபிஃப்த் வீலுக்கும் நடுவே வெளிச்சம் தெரியாமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும். கழற்றும்போது லேண்டிங் கியர் (ட்ரெய்லரைத் தாங்கும் முன் கால்கள்) இறக்கியது உறுதியான பிறகுதான் பூட்டைத் திறக்கும் கைப்பிடியை இழுப்பது. ஏர் பைப் இரண்டையும் கழற்ற மறந்து கிளம்பி அறுத்துக்கொண்டவர்கள் ஏராளம்.

எடைதான் பெரும்பாலான டிரெய்னர்கள் தாண்டிப் போகும் பாடம். வரம்பு மொத்தம் 80,000 பவுண்டு, டிரைவ் டேண்டத்தில் (டிரக்கின் பின் இரட்டை ஆக்சில்) 34,000, ட்ரெய்லர் டேண்டத்தில் (ட்ரெய்லரின் இரட்டை ஆக்சில்) 34,000. இதை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். தராசில் ஸ்டீயர் (முன் ஆக்சில்) 11,700, டிரைவ் 35,200, ட்ரெய்லர் 31,900 என்று சீட்டு வந்தால் என்ன செய்வது என்று கேட்டால்தான் முழிப்பார்கள். மொத்தம் 78,800, சரிதான். டிரைவில் மட்டும் 1,200 கூடுதல். ட்ரெய்லர் டேண்டத்தை முன்னால், அதாவது டிராக்டர் (எஞ்சின் உள்ள முன் வண்டி) பக்கம் நகர்த்தினால் டிரைவில் இருந்து பாரம் இறங்கி ட்ரெய்லருக்குப் போகும். டேண்டத்தை நகர்த்திப் பூட்டும் ஓட்டைகளுக்கிடையே 4 அங்குலம் என்றால் ஒரு ஓட்டைக்குச் சுமார் 250 பவுண்டு, 6 அங்குலம் என்றால் சுமார் 400. இங்கே 250 கணக்கில் ஐந்து ஓட்டை: டிரைவ் ஏறக்குறைய 33,950, ட்ரெய்லர் 33,150. திரும்ப எடை போடாமல் கிளம்பக் கூடாது. எதிர்த்திசையில், பின்னால் தள்ளும்போது மாநில வரம்பு குறுக்கே வரும். கலிபோர்னியாவில் கிங்பின்னில் இருந்து கடைசி ஆக்சில் வரை 40 அடிதான். நகர்த்திய பிறகு டேண்டத்தைப் பூட்டும் பின்கள் நான்கும் முழுக்க வெளியே வந்து பூட்டியதா என்று கண்ணால் பாருங்கள். டீசல் ஒரு காலனுக்கு ஏறத்தாழ 7 பவுண்டு என்பதையும் மறக்க வேண்டாம்: விளிம்பில் நிற்கும் லோடோடு டேங்கை நிரப்பினால் கணக்கு மாறும்.

இறக்கம், மழை, பனி எதுவும் டிரெய்னர் இருக்கும்போது வராமலே போகலாம்; மலைப் பாதை லோடு வந்தால் அதை நீங்களே ஓட்டக் கேளுங்கள். இறக்கத்தில் பாதுகாப்பான வேகத்தைத் தீர்மானித்து, அதைத் தொட்டதும் அழுத்தமாகப் பிரேக் பிடித்து 5 மைல் குறைந்ததும் விடுவது. மறுபடி ஏறினால் மறுபடி. விடாமல் லேசாக மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடேறிப் புகையும். ரோடு வழுக்கினால் எஞ்சின் பிரேக்கை (எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் அமைப்பு) அணைத்துவிடுங்கள்.

லாக், அதாவது ஓட்டும் நேரப் பதிவு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 10 மணி நேர ஓய்வுக்குப் பிறகு 14 மணி நேரச் சாளரம், அதில் 11 மணி ஓட்டம், 8 மணி ஓட்டத்துக்குள் அரை மணி இடைவேளை, இது தெரிந்ததே. தன் நேரம் தீர்ந்துவிட்டது, உன் லாகினில் நான் ஓட்டுகிறேன் என்று டிரெய்னர் சொன்னால் உறுதியாக மறுத்துவிடுங்கள். பொய்ப் பதிவு உங்கள் பெயரில்தான் நிற்கும்.

ஷிப்பரிடம் (சரக்கு அனுப்புபவர்) கையெழுத்துப் போடும் முன் பில்லில் உள்ள சீல் எண்ணும் கதவில் உள்ள எண்ணும் ஒன்றா என்று நீங்களே போய்ப் பாருங்கள். டிரெய்னர் ஆபீசுக்குள் போய்த் தாளோடு திரும்புவதைக் கேபினில் இருந்து பார்த்தவருக்கு, முதல் தனி லோடில் எந்த ஜன்னலுக்குப் போவது என்றுகூடத் தெரியாது. டெஃப் (டீசல் புகையைச் சுத்தமாக்கும் திரவம்) ஊற்றுவது நீல மூடியில். தூக்கக் கலக்கத்தில் டீசல் டேங்கில் ஊற்றியவர்கள் இருக்கிறார்கள். ஊற்றிவிட்டால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் போன் போடுங்கள்.

கடைசி நாளில் வரும் மதிப்பீட்டுத் தாளில் செய்யாத வேலைக்கும் டிக் விழுந்திருக்கும். வலப்பக்கக் குருட்டு ரிவர்ஸ் (ஓட்டுநருக்குச் சரியாகத் தெரியாத பக்கம் திருப்பிப் போடுவது), டேண்டம் நகர்த்தல் இரண்டும் வழக்கமாக அப்படித்தான். "போடு தம்பி, லோடு காத்திருக்கிறது" என்பார்கள். அந்த வரிகளில் ‘செய்யவில்லை’ என்று எழுதி, நோட்டின் பக்கத்தைப் போட்டோ எடுத்துச் சேர்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். டிரெய்னர் முகம் சுளிப்பார். ஆனால் தாள் அப்படிப் போனால் கூடுதலாக ஓரிரு நாள் காலி யார்டில் பழகக் கேட்க வழி பிறக்கும். கிடைத்தால் இரண்டு நாளும் குருட்டுப் பக்க ரிவர்ஸ் மட்டும் போடுங்கள்.