சூடோ விழுங்கிய சூழல் மாறி

மார்ச் 4

எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளின் 7.17 பதிப்பில், யூனிகோட் எழுத்துகளைக் கையாளும் ஐசியூ ப்ளகின் (கூடுதல் செருகுநிரல்) போட உட்கார்ந்தேன். ‘கொ’ என்ற எழுத்து சில கோப்புகளில் இரண்டு யூனிகோட் குறிகளாகவும் சிலவற்றில் மூன்றாகவும் கிடக்கிறது. கண்ணுக்கு ஒன்றுதான், தேடலுக்கு வேறு வேறு சொற்கள். அதைச் சரிக்கட்டத்தான் இந்தப் ப்ளகின். ஒற்றை வரிக் கட்டளை. டைம்அவுட்.

சர்வர் ப்ராக்ஸிக்குப் பின்னால் இருக்கிறது, அதாவது ஓர் இடை சர்வர் வழியாகத்தான் இணையத்துக்குப் போக வேண்டும், சரி. ஆனால் ப்ளகினின் அதே ஜிப் கோப்பை, கோப்பு இறக்கும் கட்டளையான கர்ல் மளமளவென்று இறக்கிவிட்டதே!

மார்ச் 4, இரவு

கர்ல் பார்ப்பது ‘ஹெச்டிடிபிஎஸ்_ப்ராக்ஸி’ என்ற சூழல் மாறியை (நிரல்களுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் மதிப்பு). எலாஸ்டிக்சர்ச் ஓடுவது ஜாவாவில், ஜாவா அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்காது. ப்ராக்ஸியின் பெயரையும் போர்ட்டையும் ‘மைனஸ் டி’ (-D) ஆப்ஷன் போட்டுத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். அதைச் சுமந்து செல்லும் மாறி ‘இஎஸ்_ஜாவா_ஆப்ட்ஸ்’. அடுத்து ஓடும் கட்டளைகளுக்கும் போகும்படி எக்ஸ்போர்ட் செய்தேன். மறுபடியும் டைம்அவுட். படுக்கப் போகிறேன்.

மார்ச் 5

பாதி நாள் போனது இங்கேதான். ப்ளகின் கட்டளையை ரூட்டாக, அதாவது நிர்வாகி உரிமையோடு, ஓட்ட முன்னால் சூடோ போடுகிறேன். அந்தச் சூடோவுக்குப் பின்னால் எக்கோ போட்டு மாறியை அச்சடித்தால் மதிப்பு அழகாக வந்து நிற்கிறது. அதை நம்பி ப்ராக்ஸியைச் சந்தேகித்தேன், ஃபயர்வாலைச் சந்தேகித்தேன், எழுத்துப்பிழையைத் தேடினேன்.

உண்மையில் மாறியின் பெயருக்கு முன்னால் உள்ள டாலர் குறியைக் கண்டதும், கட்டளையை வாங்கி ஓட்டும் என் ஷெல்லே மதிப்பை நிரப்பிவிடுகிறது. சூடோ கைக்குப் போவது வெறும் சொல். சூடோவுக்குள் என்னென்ன மாறிகள் இருக்கின்றன என்று ‘சூடோ என்வ்’ போட்டுக் கேட்டபோதுதான் குட்டு உடைந்தது: அந்தப் பட்டியலில் என் மாறி இல்லவே இல்லை. சூடோவின் ‘என்வ்_ரீசெட்’ அமைப்பு ஏறக்குறைய எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் ரூட்டுக்குள் நுழைகிறது. இது எனக்குத் தெரியாத சங்கதியும் இல்லை, அதுதான் எரிச்சல்.

சூடோவுக்கும் கட்டளைக்கும் நடுவில் மாறியை எழுதினேன். மேற்கோள் குறியை விட்டதால் ஒரு முறை உதை. இரண்டு ஆப்ஷனையும் சேர்த்து ஒரே மேற்கோளுக்குள் வைத்ததும் இறங்கிவிட்டது. நேற்று கர்ல் இறக்கிய ஜிப்பையே ‘ஃபைல்’ முகவரியாகக் கொடுத்திருந்தால் இந்தப் பாடே இல்லை.

மார்ச் 6

ப்ளகின் ஒவ்வொரு நோடிலும், அதாவது எலாஸ்டிக்சர்ச் ஓடும் ஒவ்வொரு சர்வரிலும், இருக்க வேண்டும். மீதி இரண்டிலும் ஜிப்பிலிருந்தே போட்டு, ஒவ்வொன்றாக ரீஸ்டார்ட் செய்தேன். ப்ளகின்களைப் பட்டியலிடும் ‘கேட் ப்ளகின்ஸ்’ நோடுக்கு ஒன்றாக மூன்று வரி காட்டியது. சோதனை இன்டெக்ஸில் (தேடலுக்கான சொல் அட்டவணை) ‘கொடி’யை இரு விதமாகவும் தட்டினேன், ஒரே எண்ணிக்கை. பழைய இன்டெக்ஸை ரீஇன்டெக்ஸ் செய்ய விட்டிருக்கிறேன், ஓடிக்கொண்டிருக்கிறது.